நாலு மணிச் சிடுசிடுப்பு: உணவும் தூக்கமும் மனநிலையை மாற்றும் விதம்

பள்ளிக்கூட வேலை முடிந்து மாலை நாலேகாலுக்கு வீட்டுப் படியேறும் என் அக்காவிடம் அடுத்த அரை மணி நேரத்துக்கு நாங்கள் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தாலும் கோபம் வரும், தண்ணீர்க் குடம் மூடாமல் இருந்தாலும் கோபம் வரும். அது அவளுடைய பிறவிக் குணம் என்றே வீட்டில் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பள்ளியின் மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ரத்தப் பரிசோதனையில், பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் 9 கிராம் என்று வந்தது. கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையக் கூடாது. மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதுவதற்கு முன், முந்தைய நாள் எழுந்தது முதல் படுத்தது வரை என்னென்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அக்கா சொன்ன கணக்கு இதுதான். காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் டீ, ஆறரைக்கு இன்னொரு டம்ளர். நான்கு பேருக்கும் டப்பா கட்டிவிட்டு எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் காலைச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. பதினோரு மணி இடைவேளையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும், ஒன்றேகாலுக்கு டப்பா நிறையச் சாம்பார் சாதம், மாலை ஐந்தரைக்கு மறுபடியும் டீ. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின் இரவு பத்து மணிக்குச் சாப்பாடு, படுக்கும்போது பதினொன்றரை. நாங்கள் குணம் என்று பெயர் வைத்திருந்ததில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது. அன்றாடப் பழக்கங்களும் உணவும் மனநிலையை எப்படித் தொடுகின்றன என்பதை இந்த ஒரு நாளை வைத்தே விளக்க முயல்கிறேன்.

முதலில் மனநிலை என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். மூளை மண்டையோட்டுக்குள் இருந்தபடியே, இதயம் துடிக்கும் வேகம், வயிறு நிறைந்திருக்கிறதா காலியா, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உடல் சூடாக இருக்கிறதா என்ற செய்திகளை நரம்புகள் வழியாகவும் ரத்தம் வழியாகவும் ஓயாமல் பெற்றுக்கொண்டிருக்கிறது. இந்தச் செய்திகளின் மொத்தத் தொகைதான் 'இப்போது நன்றாக இருக்கிறது' அல்லது 'இப்போது என்னவோ போல் இருக்கிறது' என்ற அடிப்படை உணர்வாக நமக்குத் தெரிகிறது. அந்த உணர்வு எங்கிருந்து வந்தது என்று மூளைக்கு எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால் கண்ணெதிரே இருப்பதைக் காரணமாக எடுத்துக்கொள்கிறது. உடல் தவித்துக்கொண்டிருக்கும் வேளையில் வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால், தவிப்புக்குக் காரணம் அந்தச் செருப்புதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நம்மவர்கள் சொல்வதை அறிவியலும் மிகக் கடுமையான ஒரு வழியில் பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆரோக்கியமான ஆண்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு அவர்களுக்கு வழக்கமான உணவில் பாதியளவுதான் கொடுக்கப்பட்டது. எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் உடலும் மனமும் நலமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களே எரிச்சலும் சோர்வும் அடைந்து, நண்பர்களிடமிருந்து விலகி, எதிலும் ஆர்வம் இழந்து, உணவைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குணம் மாறவில்லை. உடலுக்குப் போய்ச் சேரும் எரிபொருள்தான் குறைந்திருந்தது.

நம் வீடுகளில் இந்த அளவுக்குப் பட்டினி இல்லை. நம்மிடம் அதிகம் நடப்பது, ஒரே நாளுக்குள் சர்க்கரை ஏறி இறங்குவது. ஆரோக்கியமான ஒருவரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அத்தனை ரத்தத்திலும் சேர்த்து, சாப்பிடாத வேளையில் இருக்கும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவுதான், அதாவது நாலைந்து கிராம். அக்காவின் டப்பாவில் 300 கிராம் சோறு இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதில் மட்டும் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். அது செரிமானமாகிச் சர்க்கரையாக ரத்தத்துக்குள் வரத் தொடங்கும்போது, கணையம் இன்சுலினைச் சுரந்து, வந்த சர்க்கரையைத் தசைக்கும் கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் அனுப்பிவைக்கிறது. பட்டை தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடும் நார்ச்சத்தும் போய்விடுவதால் இந்த வரத்து வேகமாக நடக்கிறது. வரத்து வேகமாக இருந்தால் இன்சுலினும் அதற்கேற்ப அதிகமாக வருகிறது. அதனால் சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, சாப்பிடுவதற்கு முன்பு இருந்த அளவையும் விடச் சர்க்கரை சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, 1,070 பேருக்குத் தொடர்ந்து சர்க்கரையை அளக்கும் கருவியைப் பொருத்தி, அதன் முடிவுகளை 2021-இல் வெளியிட்டது. இந்த இறக்கம் அதிகமாக இருந்தவர்களுக்கு அடுத்த வேளைப் பசி சீக்கிரமே வந்தது, அவர்கள் கூடுதலாகவும் சாப்பிட்டார்கள். ஒரே உணவைச் சாப்பிட்ட இருவருக்குள்கூட இந்த இறக்கம் பெரிய அளவில் வேறுபட்டது. அந்த முடிவுகளில் இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு நமக்கும் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

சர்க்கரை இறங்கும்போது உடல் சும்மா இருப்பதில்லை. அதை மேலே ஏற்றுவதற்காக அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. அட்ரினலின் என்பது நாய் துரத்தும்போதும், யாரோ அதட்டும்போதும் சுரக்கும் அதே பொருள்தான். நெஞ்சு படபடக்கும், கை லேசாக நடுங்கும், மனம் எதற்கோ தயாராக விறைத்து நிற்கும். ஒன்றேகாலுக்குச் சாப்பிட்ட சாதம் நாலு மணி வாக்கில் இந்த இறக்கத்தைக் கொடுத்திருக்கலாம். அந்த நேரத்தில்தான் அக்கா நெரிசலான பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வருவாள். (நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது வேறு விஷயம். அவர்களுக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தால் 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருக்கக்கூடும். அப்போது உடனே இனிப்பாக எதையாவது சாப்பிட்டுவிட்டு அளந்து பார்க்க வேண்டும். கீழே சொல்லும் மாற்றங்களையும் அவர்கள் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.)

இதற்குச் சோற்றை விட்டுவிட வேண்டியதில்லை. சோற்றோடு என்ன போகிறது, எது முதலில் போகிறது என்பதைக் கவனித்தாலே பெரிய வித்தியாசம் கிடைக்கும். காய்கறியும் புரதமும் முதலில் வயிற்றுக்குள் போனால், பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாகவே குடலுக்கு இறங்குகிறது, சர்க்கரையின் ஏற்றமும் தணிகிறது. நம் விருந்துகளில் கூட்டும் பொரியலும் முதலில் இலையில் வந்து நின்றாலும், அன்றாடச் சாப்பாட்டில் அவை சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. இந்தியர்கள் உண்ணும் கலோரிகளில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு முட்டையோ, கெட்டியான பருப்போ வைப்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத காரியம் அல்ல. சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடப்பதும் பயன் தரும். தசை இயங்கும்போது, இன்சுலினின் உதவியில்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

மதியத் தூக்கத்துக்கு முழுப் பழியையும் சோற்றின் மேல் போடுவதும் சரியில்லை. மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட அரிசி மணியைவிடச் சிறிய ஒரு பகுதி, உடலுக்குக் கடிகாரம்போல் வேலை செய்கிறது. இந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிற்பகலில் விழிப்பு சற்றுத் தளர்வது இந்தக் கடிகாரத்தின் இயல்பு. மதியம் சாப்பிடாதவர்களுக்கும் அது வரும். கனமான சாப்பாடும் முந்தைய இரவின் தூக்கக் குறைவும் அந்தத் தளர்வை ஆழமாக்குகின்றன.

தூக்கக் குறைவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மனநிலையை நேரடியாகவும் கெடுக்கிறது, தட்டில் என்ன விழுகிறது என்பதையும் மாற்றிவிடுகிறது. அச்சத்தையும் சினத்தையும் கிளப்பும் மூளைப் பகுதிக்கு அமிக்டலா என்று பெயர். ஓர் இரவு முழுவதும் தூங்காதவர்களுக்கு மனத்தை வருத்தும் படங்களைக் காட்டியபோது, நன்றாகத் தூங்கியவர்களைவிட அமிக்டலாவின் எதிர்வினை சுமார் 60 விழுக்காடு அதிகமாக இருந்ததை 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்கேன் மூலம் கண்டார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பரிசோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு கூடியிருந்தது, வயிறு நிறைந்ததை அறிவிக்கும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் அதிகமாக ஆசைப்பட்டது இனிப்பும் உப்புத் தின்பண்டங்களும் மாவுப் பண்டங்களும்தான். பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும் ஒருத்தி பதினோரு மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டைத் தேடுவதை மன உறுதி இல்லாமை என்று சொல்வதற்கு முன் இந்த எண்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து டீ. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகிறது. அது உரிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்போதுதான் நமக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. டீயிலும் காபியிலும் உள்ள காஃபீன் அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, அடினோசினை வெளியே நிறுத்திவைக்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் மட்டுமே போகிறது. காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே பெரும்பாலோருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே மாலை ஐந்தரை மணி டீயின் காஃபீனில் பாதி, இரவு பத்தரைக்கும் அக்காவின் உடலில் இருந்திருக்கும். அதனால் ஆழ்ந்த தூக்கம் குறையும், மறுநாள் காலை கண் எரியும், அதற்கு மருந்தாக மறுபடியும் ஐந்து மணி டீ வரும். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்று நான்கு டம்ளருக்குக் கணக்குப் போட்டால், சர்க்கரை மட்டும் 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

ஆனால் அக்காவின் விஷயத்தில் டீ செய்த பெரிய கெடுதல் வேறொன்று: ரத்தசோகைக்குக் காரணமான இரும்புக் குறைவை அது கூட்டியது. ரத்தசோகை என்றாலே வெளிறிய முகமும் மூச்சு வாங்குவதும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதோடு இரும்பின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஊக்கத்துக்கும் ஆர்வத்துக்கும் தேவையான டோபமின், மன அமைதியோடு தொடர்புடைய செரடோனின் ஆகிய இரண்டையும் மூளை தயாரிப்பதற்கும் இரும்பு வேண்டும். இரும்பு குறையும்போது சோர்வும் எரிச்சலும் கவனக் குறைவும் வருகின்றன. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே, உடலின் சேமிப்பிலுள்ள இரும்பு தீரும்போதே இவை தலைகாட்டக்கூடும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேல்! நம் வீடுகளில் 'சிடுமூஞ்சி' என்று பெயர் வாங்கிய அம்மாக்களிலும் அண்ணிகளிலும் எத்தனை பேர் இந்தக் கணக்குக்குள் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள் ஆகியவற்றில் இரும்பு இருந்தாலும், ஆட்டு ஈரல், கறி, மீன் ஆகியவற்றில் இருக்கும் இரும்பைப்போல் அது எளிதில் உடலில் சேர்வதில்லை. சாப்பாட்டோடோ, சாப்பிட்ட உடனேயோ டீ குடித்தால், டீயின் துவர்ப்புப் பொருள்கள் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகின்றன. வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். கீரைப் பொரியலின் மேல் பிழியும் அரை மூடி எலுமிச்சையோ, சாப்பாட்டுக்குப் பின் கடிக்கும் ஒரு துண்டு கொய்யாவோ, ஒரு நெல்லிக்காயோ இரும்பை உடலில் சேர்க்க உதவும். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைப்பதும் பயன் தரும். ஏற்கெனவே குறைந்துபோன இரும்பை உணவால் மட்டும் நிரப்புவது கடினம் என்பதால் அக்காவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் பாலோடும் டீயோடும் போடக் கூடாது என்றும், ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதங்கள் தொடர வேண்டும் என்றும் சொன்னார்கள். சுத்த சைவ உணவுக்காரர்கள் பி12 வைட்டமின் அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. அது குறைந்தால் கால் மரத்துப்போவதோடு மனச்சோர்வும் மறதியும் வரக்கூடும்.

குடலைப் பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். உடலின் செரடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் உற்பத்தியாகிறது என்பது உண்மை. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. ஆகவே, இன்ன பழத்தைச் சாப்பிட்டால் மகிழ்ச்சி சுரக்கும் என்று வரும் செய்திகளை நம்ப வேண்டாம். குடலிலிருந்து மூளைக்குச் செய்தி போவது பெரும்பாலும் மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் என்ற நரம்பின் வழியாகவும், குடல் நுண்ணுயிரிகள் உருவாக்கும் பொருள்கள் வழியாகவும் ஆகும். 2021-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், 10 வாரங்கள் தயிர் போன்ற புளித்த உணவுகளை அதிகமாகச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிரிகளின் வகைகள் பெருகி, உடலில் அழற்சி (உள்வீக்கம்) இருப்பதைக் காட்டும் ரத்தக் குறியீடுகள் குறைந்தன. மோரும் பழைய சோறும் உண்டு வளர்ந்த நமக்கு இது புதிய உணவு அல்ல.

உணவை மாற்றினால் மனச்சோர்வு நோயே தணியுமா என்ற கேள்விக்கு 2017-இல் ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா தலைமையிலான குழு ஒரு விடை தேடியது. மனச்சோர்வு நோய் உள்ள 67 பேரில் ஒரு பாதியினருக்கு, காய்கறி, பயறு, மீன், கொட்டை வகைகள், ஆலிவ் எண்ணெய் ஆகியவை நிறைந்த உணவுக்கு மாற 12 வாரங்கள் வழிகாட்டினார்கள். மறு பாதியினரோடு துணைக்கு ஒருவர் அமர்ந்து பேசினார். முதல் பிரிவில் 32 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 8 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்ட நிலைக்கு வந்தார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான் என்றாலும், சோதிக்கப்பட்டவர்கள் குறைவு, பலர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் மனம் இருண்டு கிடந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, கீரையையும் நடையையும் நம்பிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும் இதே முகத்தோடு வரும் என்பதால் அதையும் பரிசோதிப்பார்கள்.

அக்காவுக்கு நடந்த மாற்றங்கள் மிகச் சாதாரணமானவை. ஏழேகாலுக்கு மூன்று இட்லியும் ஒரு அவித்த முட்டையும் சாப்பிடுகிறாள். முதல் டீ அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடுகிறது. பதினோரு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதிலாக வேர்க்கடலையும் ஒரு கொய்யாவும் எடுத்துப் போகிறாள். டப்பாவில் சோறு பாதி, சுண்டலோ கூட்டோ பாதி. மாலை டீ மூன்றரைக்குப் பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது நிற்க ஒன்றரை மாதம் ஆயிற்று, ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்ட நான்கு மாதம் ஆயிற்று. நாலேகால் மணிக் கோபம் எந்த நாளில் போயிற்று என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் அவள் வாசலில் கிடந்த செருப்பைத் தானே நேராக வைத்துவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு அது உறைத்தது.

இவற்றில் எதுவும் அக்கா தனியாக முடிவெடுத்து நடந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் சொன்ன முதல் வாரத்தில் அவளால் ஒருநாள்கூடக் காலையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அந்த நேரம் நான்கு டப்பாக்களுக்கும் ஒரு பேருந்துக்கும் போய்க்கொண்டிருந்தது. இப்போது டப்பா கட்டுவது அத்தானின் வேலை, இரவுப் பாத்திரம் பிள்ளைகள் இருவரின் பொறுப்பு. எட்டரைக்கே எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டு முடிக்கிறார்கள், அக்கா பத்து மணிக்குப் படுத்துவிடுகிறாள்.